போர் வேண்டாம்னு சொல்றவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்காம, அவங்க யாருன்னு மட்டும் ஏன் கேக்குறோம்?

திருவான்மியூர்_வேலன்:

பக்கத்து இழைல அமெரிக்க காலேஜ்கள்ல காசா போருக்கு எதிரா நடந்த போராட்டத்த பத்தி கொஞ்ச நாளா சண்டை ஓடிட்டு இருக்கு. முழுசா படிச்சேன். முக்கால்வாசி பேர் எழுதியிருக்கறது பசங்க பணக்கார வீட்டுப் பசங்க, டென்ட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கு யாரோ காசு குடுக்குறான், மூஞ்சிய ஏன் மூடிக்கிறாங்க, இப்படியே போகுது, அந்த போர் சரியா தப்பானு ஒருத்தர் கூட வாய் தொறக்கல. இது புதுசு இல்லங்க. வியட்நாம் காலத்துலயே இதேதான் நடந்துச்சு, அதுவும் உயிர் போற அளவுக்கு நடந்துச்சு, அதனாலதான் தனியா எழுதுறேன்.

1970 ஏப்ரல் 30 ராத்திரி நிக்ஸன் டிவில வந்து கம்போடியாவுக்குள்ள படை போகுதுன்னு அறிவிக்கிறாரு. போர முடிக்கிறேன்னு சொல்லி ஜெயிச்ச ஆளு இன்னொரு நாட்டுக்குள்ள போறாருன்னதும் காலேஜ் காலேஜா கொதிக்குது. மறுநாள் காலைல பென்டகன்ல ஊழியர்கள்கிட்ட பேசும்போது காம்பஸ்ல கலாட்டா பண்றவங்கள பொறுக்கிங்கன்னு சொல்றாரு. நாட்டோட ஜனாதிபதி. மே 3ஆம் தேதி ஒஹாயோ கவர்னர் ஜேம்ஸ் ரோட்ஸ் கென்ட் ஊருக்கே வந்து பிரஸ் மீட்ல மேசைய தட்டி தட்டி பேசுறாரு, இவங்க அமெரிக்காவுல நாம வச்சிருக்கற ஆட்கள்லயே ஆக மோசமானவங்க, ஹிட்லரோட பழுப்புச் சட்டை அடியாள் படைய விட மோசம்னு. அடுத்த நாள் மே 4, மத்தியானம், கென்ட் ஸ்டேட் யூனிவர்சிட்டில மாநில அரசோட துணைப்படையான நேஷனல் கார்ட் வீரர்கள் 13 செகண்ட்ல 67 ரவுண்டு சுட்டாங்க. நாலு பேர் செத்தாங்க, ஒன்பது பேருக்கு காயம்.

செத்தவங்கள்ல வில்லியம் ஷ்ரோடர் ராணுவப் பயிற்சி பிரிவுல இருந்த பையன், ஆர்ஓடிசி மாணவன். சாண்ட்ரா ஷ்யூயர் க்ளாஸுக்கு நடந்து போயிட்டிருந்த பொண்ணு. சுட்ட எடத்துலேர்ந்து கிட்டத்தட்ட 390 அடி தூரத்துல இருந்தா. நாலு பேர்ல ஒருத்தர் கூட 250 அடிக்குள்ள இல்ல. ஆலிசன் க்ராஸோட அப்பா டிவி கேமரா முன்னாடி நின்னு என் பொண்ணு பொறுக்கி இல்ல, அரசாங்கம் செய்யறது பிடிக்கலன்னு சொல்றது குத்தமா, அதுக்காக கொல்லலாமான்னு கேட்டாரு. அவ்ளோ பெரிய துக்கத்துல ஒரு அப்பா மொதல்ல செய்ய வேண்டியிருந்த வேலை பொண்ணுக்கு நற்சான்றிதழ் குடுக்கறதுதான்.

அப்புறம் நியூஸ்வீக்குக்காக கேலப் ஒரு சர்வே எடுத்துச்சு. தப்பு மாணவர்கள் மேலன்னு 58 சதவீதம் பேர் சொன்னாங்க, கார்ட் வீரர்கள் மேலன்னு சொன்னவங்க 11 சதவீதம். முதல்ல பேர் வைக்கிறாங்க, அப்புறம் சுடுறாங்க, அப்புறம் ஊரே சுட்டது சரின்னு சொல்லுது. இந்த வரிசை எனக்கு ரொம்ப முக்கியமா படுது. கம்போடியா மேல படையெடுத்தது சரியானு அந்த சர்வேல கேள்வி இருந்தா கூட அது யார் மனசுலயும் நிக்கல.

மணி_சிவில்:

வேலன் சார், செத்தவங்க விஷயத்துல உங்க கூடதான் இருக்கேன், அது கொலை. ஆனா நீங்க பாதிதான் சொல்றீங்க. மே 2ஆம் தேதி ராத்திரி அதே காம்பஸ்ல ஆர்ஓடிசி கட்டிடத்த கொளுத்துனாங்க, தீயணைக்க வந்தவங்களோட ஹோஸ் பைப்ப அறுத்தாங்க. அது நடக்கலையா? அந்த காலத்துல வெதர்மென்னு ஒரு கும்பல் 1969 அக்டோபர்ல சிகாகோ ரோட்டுல கண்ணாடிய உடைச்சிட்டு ஓடுச்சு, பின்னாடி குண்டும் வச்சாங்க. 1970 ஆகஸ்ட் 24 விஸ்கான்சின் யூனிவர்சிட்டில ஸ்டெர்லிங் ஹால் குண்டுவெடிப்பு. உள்ள ராத்திரி வேலை பாத்துட்டிருந்த ராபர்ட் ஃபாஸ்நாக்ட்னு ஒரு இயற்பியல் ஆய்வாளர் செத்தாரு, அவருக்கும் ராணுவ ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்ல, மூணு சின்ன பசங்களுக்கு அப்பா. போருக்கு எதிரானவங்கதான் வச்சாங்க.

பத்திரிகைக்காரன் இத போடாம இருக்க முடியுமா? ஊர்வலத்துல, அமெரிக்கா சண்டை போட்டுட்டு இருந்த வியட்காங் கொடிய தூக்கிட்டு போனா, பையன ராணுவத்துக்கு அனுப்பிட்டு தந்தி வருமோன்னு பயந்துட்டு இருக்கற அம்மாவுக்கு வயிறு எரியத்தான் செய்யும். பேர் கெட்டதுக்கு அவங்களும்தான் காரணம், மீடியா மேலயும் நிக்ஸன் மேலயும் மட்டும் பழிய போட்டா சரி வராது.

நெல்லை_இசக்கி:

மணி அண்ணாச்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா கட்டிடத்த கொளுத்துனது சனிக்கிழமை ராத்திரி, சுட்டது திங்கக்கிழமை மத்தியானம். க்ளாஸுக்கு போன பிள்ளைக்கும் அந்த தீக்கும் என்ன சம்பந்தம்? நிக்ஸன் அமைச்ச ஸ்க்ரான்டன் கமிஷனே அந்த துப்பாக்கிச்சூடு தேவையில்லாதது, மன்னிக்கவே முடியாததுன்னுதான எழுதுச்சு.

டெஸ்க்_செல்வி:

நான் பல வருஷம் நியூஸ் டெஸ்க்ல இருந்தவ, அதனால இது எப்படி நடக்குதுன்னு உள்ளேர்ந்து சொல்றேன். நிறைய பேர் நெனைக்கிற மாதிரி ஓனர் போன் பண்ணி இவங்கள கெட்டவங்களா காட்டுன்னு சொல்றதில்ல. பெரும்பாலும் பழக்கம்தான். ஊர்வலம் நடக்கறதுக்கு முன்னாடியே கலவரம் வருமான்னு ஒரு முன்னோட்டச் செய்தி எழுதிடுவோம். அன்னைக்கு சாயங்காலம் போட்டோகிராபர் கொண்டுவந்து கொட்டுற படத்துல நம்ம கண்ணு ஏற்கனவே எழுதி வச்ச செய்திக்கு பொருந்துற படத்தத்தான் தேடும். போலீஸ் நோட் முதல்ல வரும், இங்கிலீஷ்லயோ தமிழ்லயோ ரெடியா டைப் பண்ணி வரும், போராட்டக்காரங்க நோட்டீஸ் பத்து பக்கம் இருக்கும், அத படிக்க எடிஷன் டைம் விடாது. நேரா போலீஸ் சொன்ன கணக்கு, போலீஸ் சொன்ன காரணம் உள்ள போயிடும்.

இதுக்கு ஒரு பழைய உதாரணம், இதழியல் படிக்கிறவங்களுக்கு சொல்லிக்குடுப்பாங்க. 1968 அக்டோபர் 27, லண்டன்ல வியட்நாம் போருக்கு எதிரா பெரிய ஊர்வலம். அதே வருஷம் மார்ச்சுல க்ராஸ்வெனர் ஸ்கொயர்ல, அமெரிக்க எம்பஸி வாசல்ல அடிதடி நடந்திருந்துச்சு. அதனால அக்டோபர் ஊர்வலத்துக்கு பல வாரம் முன்னாடியே பேப்பர்கள் வன்முறை வரப்போகுதுன்னு எழுதி எழுதி ஊர தயார் பண்ணிட்டாங்க. நடந்தது என்னன்னா ஊர்வலத்துல வந்த பெருங்கூட்டம் அமைதியா நடந்து ஹைட் பார்க் போய் கலைஞ்சிருச்சு. சின்ன ஒரு பிரிவு மட்டும் பிரிஞ்சு எம்பஸி பக்கம் போய் போலீஸோட மோதுச்சு. மறுநாள் முதல் பக்கம் எது தெரியுமா, ஒரு போலீஸ்காரர ஒருத்தன் புடிச்சிக்க இன்னொருத்தன் மூஞ்சில உதைக்கிற போட்டோ. ஒரு பேப்பர்ல இல்ல, பேப்பருக்கு பேப்பர் அதே படம். லெஸ்டர் யூனிவர்சிட்டி ஆய்வாளர்கள் ஹாலரன், எலியட், மர்டாக் மூணு பேரும் இந்த ஒரு ஊர்வலத்த வச்சே பெரிய ஆய்வு பண்ணாங்க. அவங்க சொன்னது, எதிர்பாத்த வன்முறை நடக்கலன்னாலும் வன்முறைய சுத்தித்தான் செய்தி எழுதப்பட்டுச்சு, ஊர்வலம் எதுக்குன்றது காணாம போச்சுன்னு. அந்த போட்டோ பொய் இல்ல. உதை விழுந்தது நிஜம். ஆனா பேப்பர பாத்தவன் அன்னைக்கு லண்டன்ல நடந்தது அதுதான்னு நம்பிட்டான்.

மணி_சிவில்:

செல்வி மேடம், இது ஒத்துக்கிறேன். ஆனா அப்போ அமைதியா நடந்தா கவனிக்க மாட்டாங்க, அடிச்சா மட்டும்தான் படம் வரும்னா தப்பு யார் மேல? போராட்டக்காரங்களுக்கும் இது தெரியும்ல?

டெஸ்க்_செல்வி:

தெரியும் சார், அதுதான் இதுலயே கொடுமை. ஒரு பகுதி பேர் கேமராவுக்காகவே சத்தத்த கூட்ட ஆரம்பிச்சாங்க, தலைவர்னு யாரும் தேர்ந்தெடுக்காத ஆளுங்க, நல்லா கத்துறவங்க, டிவில தலைவர் ஆனாங்க. நிதானமா பேசற ஆளுங்க பின்னாடி போயிட்டாங்க. படம் ஆளையும் மாத்துச்சு.

ஆதிரை81:

மணி சார் வாதம் என்னன்னா வன்முறை பண்ணதால பேர் கெட்டுச்சு. அப்போ வன்முறையே தெரியாத ஆளுக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம். மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4, நியூயார்க் ரிவர்சைட் சர்ச்சுல வியட்நாம் போர எதிர்த்து பேசுறாரு. நோபல் அமைதிப் பரிசு வாங்கி மூணு வருஷம் கூட ஆகல. இந்த நாட்டுல ஏழைக்கு செலவழிக்க வேண்டிய காச போர் உறிஞ்சுது, கருப்பு பையனும் வெள்ளைப் பையனும் இங்க ஒரே ஸ்கூல்ல உக்கார முடியாது ஆனா அங்க ஒண்ணா சாக அனுப்புறோம்னு பேசுறாரு. மூணு நாள்ல நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதுது, டாக்டர் கிங் செஞ்சது பிழைன்னு. வாஷிங்டன் போஸ்ட் அவர் தன் லட்சியத்துக்கும் நாட்டுக்கும் தன் மக்களுக்கும் பயன்படற தன்மைய கொறைச்சிக்கிட்டாருன்னு எழுதுது. லைஃப் பத்திரிகை எதிரி நாடான வட வியட்நாமோட ஹனோய் ரேடியோவுக்கு எழுதின மாதிரி இருக்குன்னு எழுதுச்சு. அவர் எந்த கண்ணாடிய உடைச்சாரு? எந்த கொடிய தூக்குனாரு?

அதே மாசம் 28ஆம் தேதி ஹூஸ்டன்ல முகமது அலி ராணுவத்துல சேர மறுக்கறாரு. சாம்பியன் பட்டத்த புடுங்குனாங்க, லைசென்ஸ புடுங்குனாங்க, மூணு வருஷத்துக்கு மேல ரிங்ல ஏற விடல, ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு அது வாழ்க்கைலயே நல்ல வயசு. 1971ல சுப்ரீம் கோர்ட் 8-0ன்னு தண்டனைய ரத்து பண்ணுச்சு. இன்னைக்கு கிங் பிறந்தநாளுக்கு அங்க அரசு விடுமுறை, அலி ஒலிம்பிக் தீபம் ஏத்துனாரு. செத்தப்புறம், இல்ல வயசாகி கை நடுங்குனப்புறம் மரியாதை பண்றதுக்கு யாருக்கும் கஷ்டமில்ல. போர் நடந்துட்டு இருக்கும்போது அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்களானு பாருங்க.

மணி_சிவில்:

கிங் விஷயம் பலமான உதாரணம்தான், மறுக்கல. ஆனா திரும்பி வந்த சிப்பாய்ங்க மேல போராட்டக்காரங்க எச்சில் துப்புனாங்கன்னு எவ்வளவோ பேர் சொல்லியிருக்காங்க. சாதாரண வீட்டுப் பையன், கட்டாய ராணுவச் சேர்ப்பு குலுக்கல்ல மாட்டி போனவன், அவன் மேல துப்புனா அந்த இயக்கத்து மேல எனக்கு எப்படி மரியாதை வரும்?

திருவான்மியூர்_வேலன்:

மணி சார், இத பத்தி ஜெர்ரி லெம்கேன்னு ஒரு சமூகவியலாளர் வருஷக்கணக்கா தேடியிருக்காரு. அவரே வியட்நாம் போயிட்டு வந்தவர், திரும்பி வந்தப்புறம் போர் எதிர்ப்பு முன்னாள் வீரர்கள் சங்கத்துல சேர்ந்தவர். அந்த காலத்து பத்திரிகை, போலீஸ் ரிப்போர்ட்டுன்னு தேடிப் பாத்து, துப்புனதுக்கு அப்பவே பதிவான ஆதாரம் எதுவும் கிடைக்கலன்னு எழுதுனாரு. இந்த கதை பெரிசா பரவுனது 1980கள்லயும் 1991 வளைகுடா போர் சமயத்துலயும்தான்னாரு. என் மேல துப்புனாங்கன்னு பின்னாடி சொன்ன முன்னாள் வீரர்களும் இருக்காங்க, 1987ல ஒரு சிகாகோ பத்தி எழுத்தாளர் கேட்டப்போ நிறைய கடிதம் வந்துச்சு, அவங்க எல்லாரையும் பொய்யர்னு சொல்ல நான் வரல. எங்கயாவது ஒருத்தன் துப்பியிருக்கலாம். ஆனா இயக்கமே சிப்பாய்க்கு எதிரி அப்படின்ற படம் இருக்கு பாருங்க, அது நடந்ததுக்கு நேர் மாறு.

ஏன்னா இயக்கத்துக்குள்ளயே சிப்பாய்ங்க இருந்தாங்க. ராணுவ முகாம் இருக்கற ஊர்கள்ல போர் எதிர்ப்பாளர்கள் காபி கடை தொறந்து வச்சாங்க, லீவ்ல வர்ற வீரர்கள் உக்காந்து பேச. 1971 ஏப்ரல்ல முன்னாள் வீரர்கள் வாஷிங்டன்ல கூடாரம் போட்டு தங்கி, கடைசி நாள் வரிசைல நின்னு ஒவ்வொருத்தரா பேரையும் பிரிவையும் சொல்லி, வாங்குன மெடல கேப்பிடல் படிக்கட்டு முன்னாடி போட்ட வேலிக்கு மேல தூக்கி எறிஞ்சாங்க. சக்கர நாற்காலில வந்தவங்களும் இருந்தாங்க. சில பேர் செத்துப்போன நண்பன் பேர சொல்லி அவனுக்காக எறிஞ்சாங்க, சில பேர் எறிஞ்சிட்டு கட்டிப்புடிச்சு அழுதாங்க. வெள்ளை மாளிகைல இவங்க நிஜ வீரர்கள்தானான்னு சந்தேகத்த கிளப்புற வேலை நடந்துச்சு. அவங்க சார்பா செனட் கமிட்டி முன்னாடி பேசுன ஜான் கெர்ரி 2004ல ஜனாதிபதி தேர்தல்ல நின்னப்போ, 33 வருஷம் கழிச்சு, அந்த பேச்சையே எடுத்து துரோகின்னு டிவில விளம்பரம் ஓட்டுனாங்க.

இன்னொன்னு, படிச்ச பணக்கார பசங்க மட்டும்தான் எதிர்த்தாங்க, உழைக்கிற ஜனம் போருக்கு ஆதரவுன்னு ஒரு நம்பிக்கை. 1970 மே 8 நியூயார்க்ல கட்டிடத் தொழிலாளிங்க ஹெல்மெட்டோட வந்து, கென்ட்ல செத்தவங்களுக்கு அஞ்சலி செலுத்திட்டு இருந்த மாணவர்கள அடிச்ச சம்பவம் அந்த படத்த நிலைநிறுத்துச்சு. அந்த மாசமே அவங்க யூனியன் தலைவர் பீட்டர் ப்ரென்னன் வெள்ளை மாளிகை போய் நிக்ஸனுக்கு ஹெல்மெட் குடுத்தாரு, பின்னாடி தொழிலாளர் துறை அமைச்சராவும் ஆனாரு. ஆனா சர்வேக்கள எடுத்து பாத்தா கம்மியா படிச்சவங்க மத்தியிலதான் படைய திருப்பி கூப்பிடுங்கன்னு சொன்னவங்க விகிதம் ஜாஸ்தி. செத்தது அவங்க புள்ளைங்கதானே.

சுதன்_ஹாரோ:

வணக்கம். நான் இந்தத் தளத்தில வாசிக்கிறது மட்டும்தான், எழுதுறது குறைவு. ஆனா இதில எங்கட கதை ஒண்டு வரோணும்.

2009 ஏப்ரல்ல லண்டன் பார்லிமெண்ட் ஸ்குவயர்ல எங்கட சனம் இருக்கத் தொடங்கினது. ஜூன் மட்டும் இருந்தது. வன்னியில சனம் செத்துக்கொண்டிருந்த நேரம், ஆஸ்பத்திரிகளுக்கு செல் விழுந்துகொண்டிருந்த நேரம். போர நிப்பாட்டுங்கோ எண்டு கேக்கத்தான் போனது. அம்மாமார், பள்ளிக்கூடப் பிள்ளையள், வேலை முடிஞ்சு நேர அங்க வாறவை, மழைக்க குடையும் இல்லாம நிண்டவை. பரமேஸ்வரன் சுப்பிரமணியம் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தவர். அந்த நாட்களில பேப்பருகள் கூட எழுதினது என்னெண்டா வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் மறிச்சதால ட்ராஃபிக், பொலிசுக்கு எவ்வளவு செலவு எண்டு. உள்ளுக்க என்ன நடக்குது எண்டு எழுதினவையும் இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்ல.

மே மாசம் எல்லாம் முடிஞ்சுது. அக்டோபர்ல டெய்லி மெயில் ஒரு செய்தி போட்டது, பரமேஸ்வரன் உண்ணாவிரதம் எண்டு சொல்லிப்போட்டு ஒளிச்சு மக்டொனால்ட்ஸ் பேர்கர் சாப்பிட்டவர், பொலிஸ் கமராவில பிடிபட்டது எண்டு. சன் பேப்பரும் போட்டது. அவர் வழக்குப் போட்டார். பொலிஸ் தங்களிட்ட அப்பிடி ஒரு வீடியோ இல்லவே இல்லையெண்டு சொல்லிட்டினம். 2010 ஜூலையில ரெண்டு பேப்பரும் ஹை கோர்ட்டில மன்னிப்புக் கேட்டு மெயில் 47,500 பவுண்ஸ், சன் 30,000 பவுண்ஸ் நட்டஈடு குடுத்தது. ஆனா அந்த இடைப்பட்ட மாசங்களில அந்த மனுசன எங்கட சனமே ஒதுக்கினது, கூட்டாளிமார் கதைக்காம விட்டவை, சாவம் எண்டுகூட யோசிச்சதா அவர் பிறகு சொன்னவர். வெள்ளைக்காரன்ர பேப்பர் எழுதினத எங்கட ஆக்களே நம்பினதுதான் எனக்கு இண்டைக்கும் ஆறாத விசயம். இப்பவும் சில பேரிட்ட அந்த உண்ணாவிரதம் பற்றிக் கேட்டா பேர்கர் கதைதான் வரும். வழக்கில வெண்டது ஒருத்தருக்கும் தெரியாது.

நெல்லை_இசக்கி:

இது எனக்கு தெரியாதுண்ணே. பேர்கர் கதை மட்டும் நானும் கேள்விப்பட்டிருக்கேன்.

மணி_சிவில்:

சுதன் சார், மனசு கஷ்டமா இருக்கு. ஆனா கேக்க வேண்டியத கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த கூட்டத்துல புலிக்கொடி இருந்துச்சுல்ல? பிரிட்டன்ல தடை செஞ்ச இயக்கம். அத பாக்கற வெளியாளுக்கு இது போர் நிறுத்தம் கேக்கற கூட்டமா, ஒரு பக்கம் ஜெயிக்கணும்னு கேக்கற கூட்டமா?

சுதன்_ஹாரோ:

இருந்தது. மறைக்கேல்ல. 2001ல இருந்து தடை எண்டும் தெரியும். கொடி பிடிக்க வேண்டாம், அதுதான் படத்தில வரும் எண்டு அங்கயே ஆக்களுக்கிடையில பெரிய வாக்குவாதம் நடந்தது, டொரோண்டோவிலயும் அதேதான். அங்க மே 10 பின்னேரம் கார்டினர் எக்ஸ்பிரஸ்வேய மறிச்சினம், அன்னையர் தினம். அடுத்த நாள் முழுக்க கதை, பிள்ளையளக் கொண்டுபோய் ரோட்டில இருத்தினவை, கொடி, ட்ராஃபிக். நான் கேக்கிறது இதுதான் மணி அண்ணா. கொடிய கேளுங்கோ. கேட்டுப்போட்டு, அவை என்ன சொல்லினம் எண்டதையும் கேளுங்கோ. 2011ல ஐநா நிபுணர் குழு அந்தக் கடைசி மாசங்களில 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம் எண்டு எழுதினது. 2009 ஏப்ரல்ல ரோட்டில நிண்ட சனம் அதைத்தான் கத்திக்கொண்டு நிண்டது. கொடிய வச்சு காது பொத்தினவைக்கு அது கேக்கேல்ல.

டெஸ்க்_செல்வி:

சுதன் சொன்னதுக்கு அப்புறம் ஈராக் பத்தி சொல்லாம இருக்க முடியல, ஏன்னா அங்கயும் ரோட்டுல நின்னவங்க சொன்னதுதான் கடைசில சரியா இருந்துச்சு.

2002 அக்டோபர் 26 வாஷிங்டன்ல பெரிய ஊர்வலம். நியூயார்க் டைம்ஸ் மறுநாள் சின்னதா, எதிர்பாத்த அளவு கூட்டம் வரலன்னு எழுதுச்சு. படிச்சவங்க கொதிச்சு எழுதி, மூணு நாள் கழிச்சு இன்னொரு செய்தி போட்டாங்க, லட்சம் பேருக்கு மேல வந்தாங்கன்னு. 2003 பிப்ரவரி 15, உலகம் முழுக்க 600க்கு மேல ஊர்கள்ல ஒரே நாள். ரோம்ல மட்டும் 30 லட்சம்னு கின்னஸ்ல இருக்கு, லண்டன்ல போலீஸ் கணக்கே ஏழரை லட்சம். புஷ் என்ன சொன்னாரு? கூட்டத்தோட அளவ பாத்து முடிவெடுக்கறது சில பேர கூப்பிட்டு கருத்து கேக்கற ஃபோகஸ் க்ரூப்ப வச்சு கொள்கை வகுக்கற மாதிரின்னு.

ஆனா என்னை அதிகமா உறுத்துறது வேற. அப்போ அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த காலின் பவல், ஈராக்ல பேரழிவு ஆயுதம் இருக்குன்னு ஐநாவுல பேசுறதுக்கு முன்னயும் பின்னயும் ஒரு வாரம், அமெரிக்காவோட நாலு பெரிய சேனல் ராத்திரி செய்திகள்ல யாரையெல்லாம் பேச வச்சாங்கன்னு ஃபேர்னு ஒரு ஊடக கண்காணிப்பு அமைப்பு எண்ணுச்சு. 393 பேர். அதுல போர் எதிர்ப்பு இயக்கத்த சேர்ந்தவங்க மூணே பேர். கெட்டவனா காட்டறது ஒரு வகை, காட்டாமலே விடறது இன்னொரு வகை. எம்எஸ்என்பிசி சேனல்ல, போர எதிர்த்த ஃபில் டோனஹ்யூவோட நிகழ்ச்சிதான் அந்த சேனல்லயே நிறைய பேர் பாத்தது, போர் தொடங்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி தூக்கிட்டாங்க. போர் நேரத்துல நமக்கு இவர் சங்கடமான முகமா இருப்பாருன்னு உள்ளுக்குள்ள எழுதுன குறிப்பு பின்னாடி வெளிய வந்துச்சு.

பேரழிவு ஆயுதம் கிடைக்கல. 2004 மே மாசம் நியூயார்க் டைம்ஸ் நாங்க இன்னும் கறாரா இருந்திருக்கணும்னு குறிப்பு போட்டுச்சு. அத நான் மதிக்கிறேன். ஆனா ரோட்டுல நின்னு முன்னாடியே சொன்னவங்கள கூப்பிட்டு உக்கார வச்சு, நீங்க எப்படி சரியா சொன்னீங்கன்னு கேட்டாங்களா?

கசான்_டாக்டர்:

நான் ரஷ்யாவுல எம்பிபிஎஸ் படிச்சவன், அங்க நண்பர்கள் இருக்காங்க, அதனால சுருக்கமா ஒண்ணு. உக்ரைன் போர் தொடங்கினதும் 2022 மார்ச் 4ல ராணுவத்த பத்தி பொய் பரப்புனா 15 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டம் வந்துச்சு. வெத்து பேப்பர தூக்கிட்டு நின்னவங்கள கூட புடிச்சிட்டு போனாங்க, அதுல ஒரு எழுத்து கூட இல்ல. மார்ச் 16 புடின் டிவில ஐந்தாம் படை, துரோகிகள், வாய்க்குள்ள போன பூச்சிய துப்புற மாதிரி மக்கள் துப்பிடுவாங்கன்னு பேசினாரு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல சாஷா ஸ்கோச்சிலென்கோன்னு ஓவியர், சூப்பர்மார்க்கெட்ல விலைச்சீட்டு இருக்கற எடத்துல அதே மாதிரி சின்ன சீட்டுல, ரஷ்யா தாக்குன உக்ரைன் ஊர் மரியுபோல் பத்தி எழுதி சொருகி வச்சாங்க. கடைக்கு வந்த ஒரு வயசானவங்க பாத்து புகார் குடுத்தாங்க. ஏழு வருஷம் தண்டனை. 2024 ஆகஸ்ட்ல கைதி பரிமாற்றத்துலதான் வெளிய வந்தாங்க. அந்த வயசானவங்கள நான் திட்ட மாட்டேன், நாள் முழுக்க ஒரே சேனல் பாத்தா யாருக்கும் விலைச்சீட்டு கூட துரோகமாதான் தெரியும்.

மணி_சிவில்:

ரஷ்யாவையும் அமெரிக்காவையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது. அங்க சட்டத்தால வாய அடைக்கிறாங்க, இங்க அலிக்கு கோர்ட்ல நியாயம் கிடைச்சுது, டைம்ஸ் திருத்தம் போட்டுச்சு.

சரி, கேள்விக்கு வர்றேன். காசா போருக்கு எதிரான காலேஜ் போராட்டத்துக்கு யாரு காசு குடுக்கறான்னு கேக்கறது எப்படி தப்பு? யூத மாணவர்கள மிரட்டுனதும் சில எடத்துல நடந்துச்சு, அதையும் மறைக்கக் கூடாது.

திருவான்மியூர்_வேலன்:

மிரட்டுனது நடந்த எடத்துல அத எழுதணும், பேர் போட்டு எழுதணும், இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. நியூயார்க் கொலம்பியா யூனிவர்சிட்டி போராட்டக் கூடாரத்துல 2024 ஏப்ரல்ல யூத மாணவர்கள் அவங்க பண்டிகையான பாஸ்கா விருந்து நடத்துனதையும் சேர்த்து எழுதணும். ஏப்ரல் 18லேர்ந்து மே 3 வரைக்கும் நடந்த 553 காம்பஸ் போராட்டத்த ஆக்லெட்னு ஒரு தரவு அமைப்பு கணக்கெடுத்துச்சு, 97 சதவீதத்துல பெரிய வன்முறையோ சேதமோ இல்லன்னு வந்துச்சு. டிவில நீங்க பாத்தது மிச்ச 3.

காசு கேள்வி. நிக்ஸனுக்கு முன்னாடி ஜனாதிபதியா இருந்த ஜான்சனும் இதே கேள்விய கேட்டாரு. வெளிநாட்டு கை இருக்கான்னு கண்டுபிடிங்கன்னு சிஐஏவ ஏவுனாரு, 1967ல, ஆபரேஷன் கேயாஸ்னு பேரு. சொந்த நாட்டு மக்கள் 7,200 பேருக்கு தனித்தனி ஃபைல், 3,00,000 பேர் பேர் ஏறுன அட்டவணை, இதெல்லாம் சிஐஏவ விசாரிச்ச 1975 ராக்பெல்லர் கமிஷன் ரிப்போர்ட்ல இருக்கு. வெளிநாடு இயக்குதுன்னு ஆதாரம் இல்லன்னு சிஐஏவே திரும்ப திரும்ப எழுதிக் குடுத்துச்சு. நம்பல, இன்னும் தோண்டுங்கன்னாங்க, நிக்ஸன் வந்தப்புறமும் தோண்டுனாங்க.

டெஸ்க்_செல்வி:

மணி சார், காசு கேள்விய கேளுங்க, ஆனா ரெண்டு பக்கமும் கேளுங்க. ஈராக் சமயத்துல எல்லா சேனல்லயும் ரிட்டயர்டு ஜெனரல்கள் உக்காந்து விளக்கம் குடுத்தாங்க. நடுநிலையான நிபுணர்னுதான் அறிமுகம். 2008 ஏப்ரல்ல டேவிட் பார்ஸ்டோ நியூயார்க் டைம்ஸ்ல எழுதுனாரு, 75 பேருக்கு மேல முன்னாள் அதிகாரிகளுக்கு பென்டகன் தனியா ப்ரீஃபிங் குடுத்து, என்ன பேசணும்னு சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கு. அதுல நிறைய பேருக்கு ஆயுத கான்ட்ராக்ட் கம்பெனிகளோட தொடர்பு. பாத்த ஜனத்துக்கு யாரும் சொல்லல. அட்டைய புடிச்சிட்டு ரோட்டுல நின்ன டீச்சர்கிட்ட உன் பின்னாடி யாருன்னு கேட்ட அதே சேனல், ஸ்டூடியோவுல கோட்டு சூட்டோட உக்காந்தவர்கிட்ட கேக்கல.

மணி_சிவில்:

இந்த ஜெனரல் விஷயம் நியாயமான கேள்வி. ஃபாஸ்நாக்ட் குடும்பத்த நான் மறக்க மாட்டேன், கொடி விஷயத்துல சுதன் சாரோட முழுசா ஒத்துப்போகல. ஆனா பார்ஸ்டோ எழுதுனத தேடிப் படிக்கிறேன்.

நெல்லை_இசக்கி:

எல்லாரும் கென்ட் பத்தி எழுதுனீங்க. பதினொரு நாள் கழிச்சு மிசிசிப்பில ஜாக்சன் ஸ்டேட்ல நடந்தத ஒருத்தரும் சொல்லலியே?

ஆதிரை81:

இசக்கி, கேட்டதுக்கு நன்றி, நான் எழுதணும்னு இருந்தேன். 1970 மே 15, நடுராத்திரி தாண்டி. கருப்பின மாணவர்கள் படிக்கிற காலேஜ். அங்க கோபம் போர் மேல மட்டும் இல்ல, ஊர்ல அன்னாடம் அனுபவிச்ச இனவெறி மேலயும்தான். போலீஸ் பெண்கள் விடுதி பக்கம் பாத்து அரை நிமிஷம் போல சுட்டுச்சு, 400 ரவுண்டுக்கு மேல. ஃபிலிப் கிப்ஸ், 21 வயசு, கைக்குழந்தைக்கு அப்பா. ஜேம்ஸ் ஏர்ல் க்ரீன், 17 வயசு, அந்த காலேஜ்ல படிக்கிறவனே இல்ல, மளிகைக் கடைல வேலை முடிச்சு வீட்டுக்கு போயிட்டிருந்த ஸ்கூல் பையன். 12 பேருக்கு காயம். மாடிலேர்ந்து யாரோ சுட்டான்னு போலீஸ் சொல்லுச்சு, அதுதான் முதல்ல செய்தி ஆச்சு. ஸ்க்ரான்டன் கமிஷன் இத நியாயப்படுத்தவே முடியாத செயல்னு எழுதுச்சு. கென்ட்ல அந்த 14 வயசு பொண்ணு மண்டி போட்டு அலறுற போட்டோ புலிட்சர் வாங்குச்சு, உலகம் பாத்துச்சு. ஜாக்சன்ல அப்படி ஒரு போட்டோ இல்ல, வெளியூர் நிருபர்களும் பெருசா போகல. கென்ட்லயாவது எட்டு வீரர்கள் மேல கேஸ் பதிவாகி அப்புறம் தள்ளுபடி ஆச்சு. ஜாக்சன்ல ஒரு போலீஸ்காரர் மேல கூட குற்றப்பத்திரிகை போடல.